மாத்தளைத் தோட்டங்களிற் குழந்தைப் பராமரிப்பு: பிள்ளைக் காம்பராவும் மொண்டிசோரிப் பள்ளியும்

ஒரு சமுதாயம் தன் குழந்தைகளைப் பகல் வேளையில் யார் கையில், எவ்விடத்தில், எந்த மொழிச் சூழலில் ஒப்படைக்கின்றது என்பது வெறும் குடும்ப விவகாரமன்று. அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடும், பெண்ணின் உழைப்பு மதிக்கப்படும் முறையோடும் நேரடித் தொடர்புடைய வினா அது. இலங்கை மலையகத் தமிழர் பற்றிய ஆய்வுகள் கூலி, குடியுரிமை, குடியிருப்பு, பாடசாலைக் கல்வி ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளன. ஆயின் பாடசாலை வயதை எட்டாத பிள்ளையின் பகற்பொழுது அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

மாத்தளை மாவட்டத்தில் வேலைக்குச் செல்லும் தாயொருத்திக்கு இன்று பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஒன்று. பட்டினத்து மொண்டிசோரிப் பள்ளி மற்றொன்று. வீட்டிலிருக்கும் பாட்டியோ மூத்த பிள்ளையோ மூன்றாவது. இவற்றுள் எது பாதுகாப்பானது, எது பிள்ளைக்கு மொழியையும் அறிவையும் தருவது என்ற வினாவை அவள் தனியாகவே எதிர்கொள்கின்றாள். ஆனால் அவள் முன்னுள்ள வழிகள் தாமாகத் தோன்றியவை அல்ல. ஒன்றரை நூற்றாண்டு கால வரலாறு அவற்றை உருவாக்கியது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அதிலிருந்து தெரிவுக்கான சில அளவுகோல்களைப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மாத்தளையின் தனித்தன்மை

தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டினுள் நுழைந்த வாயில்களுள் மாத்தளை முதன்மையானது. மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஆகியவற்றைக் கடந்து கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். கோப்பிக் காலத்தில் இவ்வாறு வந்தோருட் பெரும்பாலோர் ஆண்களே. பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் வழக்கம் அன்றிருந்தது. ஆகவே தோட்டத்திற் குழந்தை என்பது நிருவாகத்தின் கணக்கில் இடம்பெறாத ஒன்றாகவே இருந்தது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் கிராமத்துக் காடுகளும் சேனை நிலங்களும் தோட்டங்களாயின. 1848ஆம் ஆண்டு வரிகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் மாத்தளை முக்கிய களமாக விளங்கியது. நிலத்தை இழந்த சிங்களக் கிராமமும், நிலமே இல்லாத தமிழ்த் தொழிலாளரின் லயமும் அருகருகே அமைந்தன; ஆனால் இரண்டுக்கும் பொதுவான நிறுவனம் எதுவும் உருவாகவில்லை. குழந்தைகள் ஒன்றாக விளையாடும் இடம்கூட இல்லாத இந்தப் பிரிவு, பின்னர் மொழிப் பிரச்சினையை ஆராயும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அதனைத் தொடர்ந்த இருபதாண்டுகளிற் கோப்பி வீழ்ந்தது. புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகிய மூன்றும் மாவட்டத்தின் வெவ்வேறு உயரங்களில் இடம்பிடித்தன. எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதிகள் இன்றும் தோட்டப் பகுதிகளே. மாவட்ட மக்களுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர்; எஞ்சியோருட் பெரும்பாலோர் தமிழரும், தமிழைப் பேசும் முஸ்லிம்களும் ஆவர்.

2. பெண்ணுழைப்பும் பிள்ளைக் காம்பராவும்

கோப்பி போன்று தேயிலை பருவப் பயிரன்று. ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கொருமுறை கொழுந்து பறிக்கப்பட வேண்டும். அதற்கு நிலையான உழைப்பாளர் தேவைப்பட்டனர். விரல் வேகத்தை வேண்டிய இவ்வேலைக்கு, குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். இவ்வாறு குடும்பமே தோட்டத்தின் உழைப்பு அலகாயிற்று. அதனுடன் குழந்தையும் தோட்டத்திற் பிறந்தது.

பெரட்டுக்குப் போகும் தாய்க்குக் கைக்குழந்தையை என்ன செய்வதென்பது அன்றாடப் பிரச்சினை. மலையிலேயே மரக்கிளையிற் சேலைத் தொட்டில் கட்டி, இடையிடையே வந்து பார்த்துச் செல்வது ஒரு வழி. வேலைக்கு ஏலாத கிழவியிடம் விட்டுச் செல்வது மற்றொன்று. ஏழெட்டு வயதுச் சிறுமி தன் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நின்றுவிடுவது மூன்றாவது வழி. இம்மூன்றாவது வழியால் ஒரு பிள்ளை காவலின்றியும், இன்னொரு பிள்ளை கல்வியின்றியும் போயின. தோட்டப் பெண்பிள்ளைகளின் கல்வி பின்தங்கியதற்குக் கூறப்படும் காரணங்களுள் இதற்குரிய இடம் போதிய அளவு உணரப்படவில்லை.

தோட்ட நிருவாகங்கள் அமைத்த பிள்ளைக் காம்பரா, அல்லது பிள்ளை மடுவம், இந்நிலைக்கு அளிக்கப்பட்ட விடையாகும். பெரும்பாலும் லயத்தின் ஒரு அறையோ தனிக் கொட்டகையோ அதற்குப் போதுமெனக் கருதப்பட்டது. உள்ளே கயிற்றிலோ கம்பியிலோ தொங்கும் தொட்டில்கள் இருந்தன. காவலுக்கு ஓர் ஆயா இருந்தாள். அவ்வாயா பெரும்பாலும் மலைவேலைக்கு உடல் இடங்கொடாத முதியவளே. குழந்தை அழாதிருத்தல், விழாதிருத்தல், தாய் வேலையை விட்டு வராதிருத்தல் ஆகியவையே அவளிடம் எதிர்பார்க்கப்பட்டன. பிள்ளைக் காம்பரா குழந்தைக்காக அமைக்கப்பட்டதன்று. கொழுந்துக்காக அமைக்கப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது.

எனினும் அவ்வாயாக்களை இழித்துரைப்பது நியாயமன்று. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களின் உலகம் இத்தகைய பெண்களின் வாய்வழியே தலைமுறை தாண்டி வந்ததாகும். தாலாட்டு, விடுகதை, கதை என்பன பிள்ளைக்குக் கிடைத்த இடம் அதுவே. எழுத்தறிவற்ற ஆயா மொழியறிவற்றவள் அல்லள்.

3. சட்டமும் அதன் எல்லையும்

குடியேற்றவாத அரசு இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் முதலில் நோயையே நோக்கின. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், 1912ஆம் ஆண்டின் சட்டம் ஆகியன தோட்ட மருத்துவ வசதிகளைப் பற்றியவை. கல்வியைப் பொறுத்தவரை, 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்தின்மீது சுமத்தியது. ஆறு வயதிற்கு முந்திய பிள்ளை இவ்விரு வகைச் சட்டங்களுக்கும் இடையில் நின்றது. நோயுறின் மருத்துவச் சட்டத்தினுள்ளும், வளர்ந்தபின் கல்விச் சட்டத்தினுள்ளும் அது வரும். நலமாக விளையாடும் மூன்று வயதுப் பிள்ளை எதனுள்ளும் அடங்காது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெண் தொழிலாளியைத் தாயாக ஏற்றுக்கொண்ட முதல் முக்கிய சட்டமாகும். பிற்காலத் திருத்தங்களால் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கான பராமரிப்பிடமும், பாலூட்டும் இடைவேளையும் அதனுட் சேர்ந்தன. ஆயினும் சட்டம் இடத்தையும் நேரத்தையுமே கூறிற்று. அவ்விடத்திற் பிள்ளை என்ன செய்யும், யாருடன் பேசும் என்பது சட்டத்தின் கேள்வியாகவில்லை.

4. சான் லொரென்சோவும் லயமும்

இலங்கையின் இக்கதையை உரோமாபுரியின் ஒரு தொழிலாளர் சேரியுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அந்நகரின் சான் லொரென்சோப் பகுதியில் மரியா மொண்டிசோரி தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். வறியோர் குடியிருந்த கட்டடங்களைச் சீர்திருத்திய நிறுவனமொன்றே அதற்கு இடமளித்தது. தாய் தந்தையர் இருவரும் வேலைக்குச் சென்றபின், கவனிப்பாரற்ற பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பழுதாக்கினர். அதனைத் தடுப்பதே நிறுவனத்தின் உடனடி நோக்கம். கட்டட உடைமையாளனின் கணக்கும் தோட்டத்துரையின் கணக்கும் இவ்விடத்தில் ஒன்றேயாகும்.

ஆனால் அதன்பின் நிகழ்ந்தது வேறு. மருத்துவராகிய மொண்டிசோரி, காவலுக்கெனத் தரப்பட்ட அறையை ஆய்வுகூடமாகவும் பள்ளியாகவும் மாற்றினார். பிள்ளையின் உயரத்திற்கேற்ற மேசையும் கதிரையும் செய்வித்தார். கை கழுவுதல், நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல் ஆகிய அன்றாட வேலைகளையே பாடமாக்கினார். பிள்ளை தானாகத் தெரிந்தெடுத்துத் தொடர்ந்து செய்யும் வேலையே அதன் அறிவை வளர்க்கும் என்று கண்டார். பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக இருத்தினார். தண்டனையையும் பரிசையும் நீக்கினார். பள்ளி குடியிருப்பினுள்ளேயே இருந்தமையால் தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்க முடிந்தது. பராமரிப்பும் கல்வியும் அங்கு ஒன்றாயின. தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தோன்றிய முறை இது என்பதை நாம் மறத்தலாகாது.

இம்முறை தமிழ் நிலத்தை அடைந்தது 1939ஆம் ஆண்டிலாகும். பிரம்மஞான சங்கத்தின் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மொண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சியை ஆரம்பித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், அவருடைய மகன் மாரியோ தடுத்துவைக்கப்பட்டார். அவர் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. சில மாதங்களில் மாரியோ விடுவிக்கப்பட்டார். போர் முடியும் வரை இருவரும் இந்தியாவிலேயே தங்கினர். கொடைக்கானலிற் கழிந்த ஆண்டுகள் சிறுகுழந்தைகளை அவர் நெருங்கி அவதானித்த காலமாக அமைந்தன. 1944இல் அவர் இலங்கை வந்து பயிற்சி நடத்தினார். இலங்கையரான லீனா விக்ரமரத்ன அவருடன் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பியவருள் ஒருவரானார்.

மண்ணில் விரலால் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளி வழக்கத்தையும், மொண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துக்களையும் ஒப்பிட்டு, இம்முறை நம்மிடம் முன்பே இருந்தது என்று கூறுவோர் உளர். கை வழியே எழுத்தை மனத்திற் பதித்தல் என்ற அளவில் ஒப்புமை உண்மையே. எனினும் திண்ணைப் பள்ளி மனனத்திலும் பிரம்பிலும் தங்கியிருந்தது. அதில் இடம்பெறாத சாதியினரும் பெண்பிள்ளைகளும் பலராவர். பழம்பெருமை வேறு, வரலாறு வேறு.

5. இரண்டாகப் பிரிந்த பாதை

தொழிலாளர் சேரியிற் பிறந்த மொண்டிசோரி முறை இலங்கையில் தொழிலாளரை அடையவில்லை. நகரப் பள்ளிகள், கன்னியர் மடங்கள், உத்தியோக வர்க்கக் குடும்பங்கள் ஆகியவற்றினூடாகவே அது பரவிற்று. அதற்குச் சில காரணங்களைக் காட்டலாம்.

முதலாவது, 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்று முழங்கினும், மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் கல்வி நடைமுறையிற் தனியார் கையிலேயே விடப்பட்டது. தோட்டப் பாடசாலைகளோ அத்திட்டத்தின் பயனையே முழுமையாகப் பெறவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. பெருந்தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தேசியமயமான பின்னரே அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இரண்டாவது, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை அரசியல் வலுவற்றோராக்கியது. வாக்கற்றவரின் குழந்தைக்காகக் குரலெழுப்ப வேண்டிய அவசியம் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஏற்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 1970களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியின் இரு மடங்கையும் விஞ்சியது. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மாத்தளைத் தமிழரைப் பெரிதும் பாதித்தன. இத்தகைய காலத்திற் குழந்தையை உயிரோடு வைத்திருப்பதே பராமரிப்பின் முழுப்பொருளாயிற்று.

1980களில் மாற்றம் தொடங்கியது. 1979ஆம் ஆண்டு அனைத்துலகச் சிறுவர் ஆண்டாகும். அவ்வாண்டிலேயே சிறுவர் செயலகம் தோன்றியது. 1984இற் தோட்டத்தில் ஆண் பெண் கூலி சமமாக்கப்பட்டது. வெளிநாட்டு உதவியுடன் பிள்ளைக் காம்பராக்கள் திருத்தப்பட்டன. முதிய ஆயாவின் இடத்திற் படித்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று அமர்ந்தனர். 1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. எல்கடுவை பெருந்தோட்டக் கம்பெனி போன்றவை அரசின் கையிலேயே எஞ்சின. அவ்வாண்டு தொடங்கிய நம்பிக்கை நிதியம், 2002 முதற் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகின்றது. பிள்ளைக் காம்பரா இக்காலத்திலேயே சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயரைப் பெற்றது.

பெயர் மாற்றம் முழு மாற்றமன்று. சட்டக வரலாறு இரு வேறு நிறுவனங்களை உருவாக்கிவிட்டது. தோட்டத்து நிலையம் தாயின் வேலை நேரத்திற்கு ஏற்பத் திறந்திருக்கும். ஆனால் அதன் கல்விப் பகுதி பெரும்பாலும் மெலிந்தது. பட்டினத்து மொண்டிசோரிப் பள்ளி எழுத்தும் பாட்டும் கற்பிக்கும். ஆனால் பொதுவாக நண்பகலுடன் மூடிவிடும். கொழுந்து நிறுவை முடிந்து மாலையில் வரும் தாய்க்கு அது பயன்படாது. சான் லொரென்சோவில் ஒன்றாயிருந்த பராமரிப்பும் கல்வியும் இங்கு வர்க்க அடிப்படையிற் பிரிந்தன: உழைப்போர் பிள்ளைக்குப் பராமரிப்பு, வசதியுடையோர் பிள்ளைக்குக் கல்வி. இன்றைய தாயின் தடுமாற்றத்திற்கு அடிப்படை இப்பிரிவேயாகும்.

6. மொழி என்னும் வினா

அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பு தாய்மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றது. மாத்தளைப் பட்டினத்து முன்பள்ளிகள் பலவற்றுக்கு ஆங்கிலமே கவர்ச்சி. சிலவற்றிற் சிங்களமே நடைமுறை மொழி. இரண்டாண்டுகள் தமிழ் கேளாத வகுப்பில் இருந்த பிள்ளை தமிழ்ப் பாடசாலையில் நுழையும்போது எதிர்நோக்கும் இடர் எளிதில் ஊகிக்கத்தக்கது. மறுபுறம், தமிழ் மட்டும் கேட்டு வளரும் தோட்டப் பிள்ளை, பின்னாளில் வைத்தியசாலையிலும் பொலிஸ் நிலையத்திலும் கந்தோரிலும் சிங்களமறியாது நிற்கும் நிலையும் நாமறிந்ததே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் உள்ள மொழி எல்லா மேசைகளிலும் பேசப்படுவதில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை சூழலில் ஒலிக்கும் மொழியை முயற்சியின்றி உட்கொள்கின்றது என்பது மொண்டிசோரியின் முடிவு. ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு. அம்மொழி வாழும் மனிதரின் வாயிலிருந்து, உண்ணும்போதும் விளையாடும்போதும் இயல்பாக வரவேண்டும். ஆங்கிலப் பாட்டொன்றை மனனம் செய்வித்து விழாவிற் பாடச்செய்வது பன்மொழிக் கல்வியாகாது. தமிழ் பேசும் ஆசிரியை ஒருத்தியும் சிங்களம் பேசும் ஆசிரியை ஒருத்தியும் ஒரே கூடத்திற் பணியாற்றின், மாத்தளையில் அதற்கு வேறு ஆயத்தம் அதிகம் வேண்டியதில்லை.

எழுத்தைப் பொறுத்தும் ஒன்று கூறலாம். தமிழ், சிங்களம் ஆகிய இரண்டின் வரிவடிவங்களும் ஒரே பழைய மூலத்திலிருந்து வந்தவை. ‘கெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னே நிற்பினும், ஒலியிற் பின்னே வருகின்றது, சிங்களத்திலும் இவ்வாறே. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இருபுறமும் நிற்கும், அதுவும் பொதுவே. ஆகவே ஒன்றிலே இவ்வமைப்பை உணர்ந்த பிள்ளைக்கு மற்றதில் அது புதிதன்று. வேற்றுமை வேறிடத்தில் உள்ளது: தமிழிற் ககரம் ஒன்றே பல ஒலிகளைத் தரும், சிங்களத்தில் அவற்றிற்குத் தனித்தனி எழுத்துக்கள் உண்டு. ஆங்கில எழுத்தோ வேறு முறையினது. மூன்றையும் ஒரே ஆண்டிற் திணிப்பதைவிட, தாய்மொழி எழுத்தைக் கையாற் தடவி உணரச்செய்து, ஏனைய மொழிகளைப் பேச்சளவில் நிறுத்துவதே அறிவுடைமை.

7. தெரிவின் அளவுகோல்கள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவதாக, பெயர்ப்பலகை சான்றன்று. நம் நாட்டிற் பாலர் பள்ளி எதனையும் மொண்டிசோரி என்றழைப்பது வழக்காகிவிட்டது. அமெரிக்காவிலும் 1967ஆம் ஆண்டு வணிகக்குறி விசாரணையொன்றில், அப்பெயர் எவருக்கும் தனியுரிமையன்று என்றே தீர்ந்தது. ஆகவே பார்க்க வேண்டியது வகுப்பின் செயலை. பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஒரே குரலிற் கத்துகின்றனவா, அன்றித் தத்தம் வேலையில் ஆழ்ந்துள்ளனவா என்பதை அரைமணி நேரம் நின்று பார்த்தாலே அறியலாம். விலையுயர்ந்த கருவிகள் இன்றியமையாதவை அல்ல. தேங்காய்ச் சிரட்டையும், பயறும், நீர்க்குவளையும் கொண்டு அன்றாட வேலைப் பயிற்சிகள் பலவற்றைச் செய்யலாம்.

இரண்டாவதாக, பாதுகாப்பு என்பது பூட்டிய கதவன்று. பெற்றோர் முன்னறிவித்தலின்றி எந்நேரமும் உட்புக முடிகின்றதா என்பதே முதற் கேள்வி. சான் லொரென்சோவில் வழங்கிய இவ்வுரிமையை மறுக்கும் இடத்திற்குப் பிள்ளையை அனுப்பாதிருத்தல் நன்று. மாலையிற் பிள்ளையை அழைத்துச் செல்ல உரிமையுடையோர் யாரென எழுதிவைக்கப்படுகின்றதா, ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் இருக்கின்றாரா, குடிநீரும் மலசலகூடமும் எவ்வாறுள்ளன, பணியாளரின் பின்னணி விசாரிக்கப்பட்டதா, மாகாணத்து உரிய அதிகார சபையிற் பதிவுண்டா என்பன அடுத்தவை. மாத்தளையின் சரிவு நிலங்களில் மண்சரிவு அச்சமும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்த சரிவின் கீழ் அமைந்த கட்டடம் எத்துணை அழகாயினும் பொருத்தமற்றது. அடி, வசை, இருட்டறை ஆகியன ஒழுங்கின் பெயரால் நியாயப்படுத்தப்படின் அவ்விடத்தை விட்டு விலகுதல் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தாற் தோன்றியது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்பதைத் தோட்டத் தாய்மாரும் அறிந்திருத்தல் அவசியம்.

மூன்றாவதாக, மொழி பற்றிய கேள்வியை நேரடியாகவே கேட்க வேண்டும்: பிள்ளை அழும்போது யார், எந்த மொழியிற் தேற்றுவார்? இதற்கு விடையில்லாத பள்ளி, சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருப்பினும் பன்மொழிப் பள்ளியாகாது. வலியையும் அச்சத்தையும் தன் மொழியிற் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பாதுகாப்பும் இல்லை. மொழியும் பாதுகாப்பும் இவ்விடத்திற் பிரிக்க முடியாதவை.

நான்காவதாக, பணியாளரின் நிலை. குறைந்த ஊதியத்தில், அளவுக்கு மீறிய பிள்ளைகளைக் கவனிக்கும் பெண்ணிடமிருந்து பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையன்று. பழைய ஆயாவின் கதை புதிய பெயரில் தொடர்ந்தால் பிள்ளையின் கதையும் பழையதாகவே இருக்கும்.

முடிவு

இவ்வளவுகோல்களைத் தாய் ஒருத்தி அறிந்திருந்தாலும், நல்ல இடம் எட்டாத தூரத்திலோ எட்டாத கட்டணத்திலோ இருப்பின் தெரிவு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. இரத்தோட்டை மலையிலிருந்து பட்டினத்திற்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லும் பேருந்துச் செலவும், அதனால் இழக்கும் அரைநாட் கூலியும் அவளுடைய கணக்கில் முதலிடம் பெறுவன. ஆதலால் தனிமனிதத் தெரிவைச் செம்மைப்படுத்துவது மட்டும் தீர்வாகாது. தாயின் வேலை நேரம் முழுவதும் திறந்திருப்பதும், பயிற்சியும் தக்க ஊதியமும் பெற்ற ஆசிரியையர் பணியாற்றுவதும், தமிழில் வேரூன்றிச் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் காதாற் கேட்டுப் பழகும் சூழலைத் தருவதும், அயற் கிராமத்துப் பிள்ளைக்கும் வாயில் திறந்திருப்பதுமான பொதுநிலையமே வேண்டப்படுவது. இதற்குரிய கட்டடங்கள் தோட்டங்களில் ஏற்கனவே உள்ளன. தொழிலாளர் குழந்தைகளுக்கெனத் தோன்றிய ஒரு கல்விமுறை இந்நாட்டில் அவர்களைத் தவிர ஏனையோரைச் சென்றடைந்தது. அதனை உரியவரிடம் சேர்ப்பித்தல் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களும், தொழிற்சங்கங்களும், நம் பல்கலைக்கழகக் கல்வித்துறைகளும் கூட்டாக ஏற்க வேண்டிய கடமையாகும்.